மூச்சு வாங்கும் இடம்

எங்க வூட்டுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவுல இருக்கறது பெங்களூர் ரோடு ஒண்ணுதான். அதியமான்கோட்டையில ரோட்டோரமா வூடு வாங்கினப்போ, "லாரி சத்தத்துல எப்படிம்மா வாசிப்பீங்க?"ன்னு எல்லாரும் கேட்டாங்க. லாரி சத்தம் ஒண்ணும் பண்ணலீங்க. லாரி வரும், போயிடும். என்னை ஆட்டி வெச்சது அந்த மண்டபத்து ஸ்பீக்கரு. முகூர்த்த நாள்னா விடியக்காலையிலயே, செத்துப்போன என் புருசன் அதுல நாயனம் வாசிக்க ஆரம்பிச்சிடுவாரு.

நான் நாயனக்காரி. மேடையில நாதஸ்வரம்னு சொல்றாங்க, எங்க பக்கம் நாயனம்தான். மியூசிக் ஸ்கூல்ல நாயனம் கிளாசுல நான் ஒருத்திதான் பொண்ணு. "பொம்பளைக்கு இவ்ளோ மூச்சு எங்கிருந்து வரும்?"னு கேட்டவங்க உண்டு. புள்ளை பெத்தவங்களைப் போயிக் கேளுங்கன்னு பட்டுனு சொல்லிடுவேன். எனக்கு அப்பவே மூக்குக்கு மேல கோவம். அதே ஸ்கூல்ல எனக்கு முந்தின செட்டு அவரு. கல்யாணம் பண்ணிக்கிட்டோம், சேந்தே வாசிச்சோம். நான் முதல் நாயனம், அவரு ரெண்டாவது. பொண்டாட்டிக்குப் பின்பாட்டு வாசிக்கறவருன்னு ஊரே கிண்டல் பண்ணும். அவருக்கு ரோசமே வராது. "அவ முன்னாடி போனாத்தாங்க எனக்கு வழி தெரியும்"னு சொல்லிட்டு வெத்தலை போடுவாரு. எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும்.

வாசிக்கறது ஒரு பக்கம்னா, புதுசா பாட்டு, எங்க பேச்சுல உருப்படி, கட்டறது எனக்கு இன்னொரு பைத்தியம். அடுப்புல சோறு வேகும்போது, பஸ்ஸுல போகும்போது வாய்க்குள்ளயே முனகிக்கிட்டு இருப்பேன். ஒரு தடவை பென்னாகரம் பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, "பல்லு வலியா கண்ணு? கிராம்பு வெச்சுக்க"ன்னு பைக்குள்ள கையை வுட்டுத் தேட ஆரம்பிச்சிட்டாங்க. அன்னிக்கு முனகினதுதான் அந்த ஸ்பீக்கர்ல வர்ற ஆனந்தபைரவி உருப்படி.

தாலி கட்டற நேரத்துல தவில்காரங்க கெட்டிமேளம் கொட்டுவாங்க. அது அடங்கின கையோட நாயனத்துல ஒரு பாட்டு எடுக்கணும். எல்லாரும் வாசிக்கற அதே நாலு பாட்டை வாசிச்சு எனக்கு அலுத்துப்போச்சு. அந்த நேரத்துக்குன்னே நான் கட்டினது இது. நடுவுல ஒரு எடம் வரும். நான் கேள்வி மாதிரி ஒண்ணு வாசிச்சு நிறுத்துவேன். அவரு மேல ஏறி, அங்க கொஞ்சம் நின்னு, படிப்படியா எறங்கி வந்து கீழ சட்ஜத்துல பதிலை முடிக்கணும். அந்த எறக்கத்தை மட்டும் நான் கட்டி வெக்கல, அவருக்கு வுட்டுட்டேன். ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒவ்வொரு மாதிரி எறங்குவாரு. இன்னிக்கு என்ன பண்ணப்போறாரோன்னு நானே காதைத் தீட்டிக்கிட்டு நிப்பேன். சில நாள் அப்படி ஒரு வளைவு வளைஞ்சு வருவாரு பாருங்க, மேடைன்னும் பாக்காம "அட பாவி மனுசா"ன்னு வாய்விட்டே சொல்லியிருக்கேன்.

தருமபுரியில மைக்செட் வெச்சிருக்கற பாய் எங்களுக்கு ரொம்ப வருசப் பழக்கம். எங்க தாலி ஏறினப்பவே அவங்க அப்பா மைக்செட்டுதான். அவருதான், "இதை ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கலாம்க்கா"ன்னு சொன்னாரு. அவங்க வூட்டுப் பின்கட்டுல சன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி, ஃபேனை நிறுத்திட்டு ஒரு மத்தியானம் வாசிச்சோம். அப்பவே என் வூட்டுக்காரருக்கு மார்சளி புடிச்சு இழுத்துக்கிட்டுதான் இருந்திச்சு. நாங்க சாதாரணச் சளின்னு நெனச்சோம். அந்த எடம் வந்திச்சு. நான் கேட்டேன். அவரு மேல ஏறினாரு, நின்னாரு, எறங்க ஆரம்பிச்சாரு. பாதி எறக்கத்துல மூச்சு தீந்துபோச்சு. "ஹக்"குனு காத்தை உள்ள இழுக்கறது அப்படியே மைக்குல வுழுந்திச்சு. நான் ஒண்ணும் யோசிக்கல, அவரு விட்ட எடத்துலயிருந்து எடுத்துக் கீழ கொண்டுபோயி முடிச்சேன். மேடையில கூட வாசிக்கறவங்க தடுமாறினா கை தானாப் போகும். தொழில் அப்படி.

முடிஞ்சதும் அவரு மொகம் செத்துப்போச்சு. "பாய், இதை யாருக்கும் குடுத்துடாதீங்க. ஒடம்பு தேறட்டும், அடுத்த மாசம் வந்து சுத்தமா வாசிச்சுத் தர்றேன்"னாரு. அந்த அடுத்த மாசம் வரவேயில்ல. ஆஸ்பத்திரியில நொரையீரல்ல பாதி போயிடுச்சுன்னாங்க. மூக்குல குழாயோட படுத்துக்கிட்டு அவரு எங்கிட்ட சொத்து சொகத்தைப் பத்திப் பேசல. மக ஓசூர்ல வேலையில இருக்கா, அவளைப் பத்திக்கூடப் பேசல. "அந்த எடத்தை யாரும் கேக்கக் கூடாது. அழிச்சிடச் சொல்லு. ஆயுசெல்லாம் வாசிச்சவன் கடைசியில மூச்சு முட்டி நின்னான்னு ஒருத்தன் சொல்லக் கூடாது." அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. கையைப் புடிச்சுக்கிட்டு, சரிங்க, யாரு காதுலயும் வுழாது, நான் பாத்துக்கறேன்னு வாக்குக் குடுத்தேன். மார்கழியில போயிட்டாரு.

தை பொறந்திச்சு. முதல் முகூர்த்த நாள். வாசல் தெளிக்க வாளியோட வெளிய வந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கெட்டிமேளம் கொட்டி அடங்குது. அப்பறம் என் நாயனம். என் நாயனம் எனக்குத் தெரியாதா? வாளியை அப்படியே போட்டுட்டு நின்னுட்டேன். கேள்வி கேட்டேன் நான், அந்தப் பக்கத்துலயிருந்து. அவரு ஏறினாரு. நின்னாரு. "ஹக்." எனக்கு மூச்சு நின்னுபோச்சு. காரியம் முடிஞ்சு, எல்லாம் கரைச்சுட்டு வந்து, இந்த மனுசன் ரோட்டுக்கு அந்தாண்ட நின்னு ஊரு பூரா கேக்க மூச்சு வாங்கறாரு.

நேரா பாய் கடைக்குப் போனேன். நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டேன். பாவம், அவருக்கே தெரியல. கல்யாணப் பாட்டெல்லாம் மொத்தமா மண்டபத்துக்குப் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தப்போ, அவரு தம்பி இதையும் சேத்துப் போட்டுட்டாராம். பாய் கண்ணுல தண்ணி வந்திடுச்சு. "அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன்க்கா, வேணும்னு செய்யல"ன்னு சொல்லி, என் கண்ணு முன்னாடியே கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சாரு. மண்டபத்துக்கும் வந்து பென்டிரைவை வாங்கி அழிச்சாரு. சரி, வாக்கைக் காப்பாத்திட்டோம்னு அன்னிக்குத்தான் ஒரு வாய் சோறு எறங்கிச்சு.

எங்க காப்பாத்தினேன்? அடுத்த முகூர்த்தத்துக்கு மறுபடியும் "ஹக்." யாரோ மாப்பிள்ளை வூட்டுக்காரங்க முன்னமே போன்ல ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க. வாட்ஸப்புல சுத்துது. ஒரு எடத்துல அழிச்சா நாலு எடத்துல மொளைக்குது. காலண்டர்ல முகூர்த்த நாளைப் பாத்து வெச்சுக்கிட்டு, அந்த நேரத்துல மிக்சியைப் போட்டுவிடுவேன். அரைக்கறதுக்கு ஒண்ணும் இல்லாட்டி வெறும் மிக்சியே ஓடும். அப்பவும் அந்த எடம் வரும்போது என் மூச்சு தானா நின்னு, அவரு இழுத்ததும்தான் திரும்ப வரும். ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் கெடையாது, மண்டபம் பூட்டியிருக்கும். அப்ப நிம்மதியா இருக்கணுமில்ல? அப்பதான் இன்னும் மோசம். எப்ப வரும் எப்ப வரும்னு காது அந்தப் பக்கமே கெடக்கும்.

ஒரு ஆடி மத்தியானம் அவரு நாயனத்தை உறையிலயிருந்து எடுத்தேன். நாயனத்து வாயில சொருகற சீவாளி, நாணல்ல செய்யறது, அது ஒவ்வொருத்தர் உதட்டுக்கும் பழகிப் போயிருக்கும். ஒருத்தர் சீவாளியை இன்னொருத்தர் வாயில வெக்கறதில்ல, எச்சில். நான் வெச்சேன். நாக்குல நனைச்சு ஊதினேன். வந்தது என் சத்தமில்லீங்க. அவரோட சத்தம், அந்தக் கரகரப்போட. பயந்துபோயி கீழ வெச்சுட்டு, வாசக்கதவைத் தெறந்துபோட்டு ரோட்டைப் பாத்து உக்காந்துட்டேன்.

அந்த உருப்படியை நானே நாலு கல்யாணத்துல சுத்தமா வாசிச்சுக் காட்டினா ஊரு மறந்துடுமேன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணிச்சு. ஆனா கோயிலுக்குக் கூப்புடறாங்க, கச்சேரிக்குக் கூப்புடறாங்க, ரேடியோவுல கூப்புடறாங்க. தாலி ஏறற நேரத்துக்கு மட்டும் நான் ஆவாது. நாயனம் மங்கள வாத்தியம், ஊதறவ கழுத்துல தாலி இல்ல. நேரா சொல்ல மாட்டாங்க. "ரிசப்ஷனுக்கு வந்துடுங்கம்மா, காலையில நீங்க எதுக்குச் சிரமப்படணும்"பாங்க. செத்தவரு ஊதினா ஆவும், உயிரோட இருக்கறவ ஊதினா ஆவாதான்னு ஒருத்தரைக் கேட்டே புட்டேன். புதுசா கட்டற உருப்படியும் எனக்குக் கைகூடல. எதை எடுத்தாலும் பதில் வர்ற எடத்துல போயி நின்னுக்கும். யாரு பதில் சொல்வாங்க?

இப்படியே ரெண்டு மூணு வருசம் ஓடிச்சு. ஏரியூர்ல சொந்தக்காரங்க கல்யாணம். சொந்தம்னால போனேன், போயி பின்னாடி வரிசையில உக்காந்தேன். மேடையோரம் ஒரு செட்டு வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க, எல்லாம் இளவட்டம். கெட்டிமேளம் ஆச்சு. அடங்கிச்சு. என் உருப்படியை எடுத்தாங்க. எனக்குப் பகீர்னுச்சு, ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமும்தான். ஸ்பீக்கர் இல்ல, நெசமான நாயனம். இவங்களாவது சுத்தமா வாசிப்பாங்கன்னு காத்திருந்தேன். முதல் நாயனம் கேட்டிச்சு. ரெண்டாவது நாயனம் வாசிச்ச தம்பி மேல ஏறினான், நின்னான், எறங்கினான். பாதியில மூச்சு தீந்து "ஹக்"குனு இழுத்தான். முதல் நாயனம் அங்கயிருந்து எடுத்து முடிச்சிச்சு.

அதே எடம். அதே இழுப்பு. என் புருசன் மூச்சு எவனோ ஒருத்தன் வாயிலயிருந்து வருது.

பந்தியில உக்காரவும் முடியல எனக்கு. செட்டு எறங்கினதும் போயி அந்தத் தம்பியைப் புடிச்சேன். "ஏம்பா, பாதியில மூச்சு விட்டியே, வெக்கமா இல்ல?"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். "அக்கா, அந்தப் பாட்டே அதுதான். எங்க பக்கம் 'மூச்சு வாங்கற பாட்டு'ன்னே கேப்பாங்க. அது வரலீன்னா பொண்ணு வூட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. சும்மா நிறுத்திட முடியாதுக்கா. நெஜமாவே மூச்சைக் காலி பண்ணணும், இல்லாட்டி அந்தச் சத்தம் வராது. பழகறதுக்குள்ள தலை சுத்தி ரெண்டு தடவை உக்காந்துட்டேன்."

கத்தணும்னுதான் வாயைத் தெறந்தேன். அழுகைதான் வந்திச்சு. அது பாட்டு இல்ல கண்ணு, சாகப்போற மனுசன் மூச்சு முட்டினது, அந்த மனுசன் என் வூட்டுக்காரருன்னு சொன்னேன். அவன் மொகத்துல ரத்தமே இல்ல. நாயனத்தைத் தோள்லயிருந்து எறக்கிட்டு அப்படியே கால்ல வுழுந்துட்டான்.

கொஞ்ச நாள் கழிச்சு அந்தத் தம்பி, அவங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க வூட்டுக்கு வந்தான். தங்கச்சிக்குக் கல்யாணம், மாப்பிள்ளை மொரப்பூரு, ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா இருக்கட்டும்னு எதுத்த மண்டபத்தையே புடிச்சிருக்காங்க. முகூர்த்தத்துக்கு நான் முதல் நாயனம் வாசிக்கணுமாம். "தம்பி சொல்லுச்சுங்களா? எனக்குத் தாலி இல்லீங்க"ன்னேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "எனக்குந்தான் இல்ல. நான் பெத்த பொண்ணு கல்யாணத்துல நான் எங்க போயி ஒளிஞ்சுக்கறது? நானும் மேடையில நிப்பேன், நீங்களும் வந்து ஊதுங்க. எவன் கேக்கறான்னு பாப்போம்." எனக்கு அவங்களைக் கட்டிப் புடிச்சுக்கணும் போல இருந்திச்சு.

தம்பிக்கிட்ட ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். பதிலை முழுசா வாசிக்கணும். நடுவுல மூச்சு விடக் கூடாது. அவனும் வந்து பழகினான். பழக்கதோசம், அந்த எடம் வந்தா நிப்பான். "எறங்குடா, கீழ வரைக்கும் எறங்கு"ன்னு எரிஞ்சு விழுவேன். கடைசியில வந்திடுச்சு. என்னா அழகா எறங்கினான்! மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே மூச்சு. உறையில இருந்த அந்த நாயனத்தைப் பாத்து, "போதுமா? இதைத்தான கேட்டீங்க?"ன்னு சொன்னேன்.

கல்யாணத்தன்னிக்கு விடியக்காலையில ரோட்டைத் தாண்டினேன். மைக்கைச் சரி பண்ணிக்கிட்டிருந்த பாய் என்னைப் பாத்துட்டு எழுந்தே நின்னுட்டாரு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. பொண்ணோட அம்மா தாலித் தட்டுக்குப் பக்கத்துலயே நின்னாங்க. கெட்டிமேளம் கொட்டிச்சு, தாலி ஏறிச்சு, நான் உருப்படியை எடுத்தேன். அந்த எடம். நான் கேட்டேன். தம்பி ஏறினான், நின்னான், எறங்க ஆரம்பிச்சான். நான் என்னையறியாம மூச்சை இழுத்துக்கிட்டு, சீவாளியை உதட்டுல வெச்சுக்கிட்டுத் தயாரா இருக்கேன். அவன் விடல. சொன்ன சொல்லு தப்பாம கீழ வரைக்கும் எறங்கி முடிச்சுட்டான். இழுத்த மூச்சு எனக்கு நெஞ்சுலயே நின்னுபோச்சு. எனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. அவரு போன அன்னிக்குக்கூட எனக்கு அப்படி இருந்ததில்லீங்க. யாருமே இல்லாத வூட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருந்திச்சு. அப்பதான் அவரு நெசமாவே செத்தாரு எனக்கு.

எப்படியோ வாசிச்சு முடிச்சேன். பந்தியில பொண்ணோட அம்மா வந்து பக்கத்துல குனிஞ்சாங்க. "எல்லாம் நல்லா இருந்திச்சுங்க. கொறை சொல்றேன்னு நெனக்காதீங்க. அந்த எடம் வரலியே?"

"எந்த எடம்?"னு கேட்டேன். தெரியாமலா கேட்டேன்.

"அவரு மூச்சு வாங்குவாருல்ல, நீங்க எடுத்துக்கிட்டுப் போவீங்களே, அது. எங்க வூட்டுக்காரரு போனதுலயிருந்து நான் போன்ல போட்டு அதைத்தாங்க கேட்டுக்கிட்டு இருக்கேன். எம்பொண்ணு அதைக் கேக்கணும்னு ஆசைப்பட்டேன். ஒருத்தருக்கு முடியலீன்னா இன்னொருத்தர் எடுத்துக்கறது. வேற என்னத்தைங்க அவளுக்குச் சொல்லி அனுப்பப் போறேன்?"

இத்தனை வருசமா அந்த எடத்துல நான் அவரு மூச்சை மட்டும்தான் கேட்டிருக்கேன். அதுக்கப்பறம் வர்றது நானுன்னு ஒரு நாளும் காதுல வுழல.

மத்தியானம் பொண்ணை மொரப்பூருக்கு அனுப்பி வெச்சாங்க. மண்டபத்து வாசல்ல கார் நிக்குது, அம்மாவும் பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் விடாம அழறாங்க, ரோட்டுல லாரி ஆரன் அடிச்சுக்கிட்டுப் போவுது. எதுத்தாப்புல தெறந்தபடி என் வூட்டுக்கதவு. நான் மறுபடியும் அதையே எடுத்தேன். தம்பி என்னைத் திரும்பிப் பாத்தான், எப்படின்னு கண்ணாலயே கேட்டான். "மூச்சை விட்டுடு கண்ணு"ன்னேன். வாக்கு தப்பிட்டேன்னு சண்டை போடணும்னா அந்த மனுசன் வரட்டும், எங்க இருப்பேன்னு அவருக்குத் தெரியாதா?

நான் கேட்டேன். அவரு ஏறினாரு, நின்னாரு, எறங்கி வந்து பாதியில மூச்சு வாங்கினாரு. விட்ட எடத்துலயிருந்து நான் எடுத்துக்கிட்டேன்.